யோசனை, அலுப்பு, நாரி நோ: மனச்சோர்வு எங்கள் பக்கம் எப்படி வருகிறது

கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு வீட்டுத்திட்டக் குடியிருப்பு. ஒரே ஒழுங்கையில் எதிரெதிர் வளவுகளில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஆட்களை அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக விபரங்களைக் கலந்து மாற்றியிருக்கிறேன். ஆனால் வன்னியில் எந்த ஊருக்குப் போனாலும் இந்த இரண்டு பேரையும் நீங்கள் சந்திக்கலாம்.

ஒருவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. விடிய மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடும். பிறகு நித்திரை இல்லை. எழும்பி வந்து குசினிப் படியில் இருந்து முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். காலை நேரம்தான் அவருக்குப் பெரும் பாரம். பொழுது சாயச் சாயக் கொஞ்சம் இலேசாகும். சோறு இறங்காது. ஒரு வருடத்துக்குள் சட்டை எல்லாம் தொளதொளத்துப் போய்விட்டது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருடம் தவறாமல் போனவர், போன முறை போகவில்லை. "போய் என்ன செய்யிறது" என்றார். ஊரில் அவரைப் பார்த்த எல்லாருக்கும் விளங்குகிறது. "பாவம், பெடியனை நினைச்சு நினைச்சு உருகுது மனுசி" என்கிறார்கள்.

மற்றவருக்கு முப்பத்தைந்து வயது. மூன்று பிள்ளைகள், கணவர் இல்லை. கிழமைக்கு இரண்டு தரம் கடன் அறவிட வருபவரின் மோட்டார் சைக்கிள் படலையில் வந்து நிற்கும். இவர் அழுவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏதும் பகிடி சொன்னால் சிரிப்பார். ஆனால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுப் படுத்தால் பதினொரு மணியாகியும் எழும்ப ஏலாது. கை காலில் ஈர மண்மூட்டையைக் கட்டிவிட்டதுபோல் கனம். நாரி நோ, தலையிடி. தலையணைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பனடோல் காட். ஊர் இவருக்கு வைத்திருக்கும் பெயர் வேறு: "அவளுக்குப் பஞ்சி."

இரண்டு பேருக்கும் டொக்டர் சொன்னது ஒரே வருத்தம்தான்: மனச்சோர்வு. முதலாமவரை ஊரே அடையாளம் கண்டது. இரண்டாமவரை அவருடைய தாய்கூடக் காணவில்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்தவர் அந்த இரண்டாமவர்.

மனச்சோர்வு என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கவலை வேறு, மனச்சோர்வு வேறு. நெல் விலை விழுந்தால் கவலை வரும், செத்தவீட்டுக்குப் போய்வந்தால் கவலை வரும். நாலு நாளில் மெல்ல மெல்ல அது தளரும். மனச்சோர்வு தளராமல் நிற்கும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கைநூல் இதற்கு ஒன்பது அறிகுறிகள் சொல்கிறது. நாள் முழுக்க மனம் இருண்டு கிடப்பது ஒன்று. முன்பு பிடித்த எதிலும் விருப்பம் இல்லாமல் போவது மற்றது. இந்த இரண்டும் முதன்மையானவை. பிறகு பசியும் எடையும் மாறுவது, நித்திரை மாறுவது, உடல் அசைவு மந்தமாவது அல்லது இருக்க ஏலாமல் அந்தரப்படுவது, அலுப்பு, 'நான் ஒன்றுக்கும் உதவாதவள்' என்ற எண்ணமும் குற்ற உணர்வும், ஒரு விசயத்தில் மனதைக் குவிக்க முடியாமை, கடைசியாகச் சாவைப் பற்றிய நினைப்பு. இவற்றில் குறைந்தது ஐந்து இரண்டு கிழமைக்கு அநேகமாக ஒவ்வொரு நாளும் இருக்கவேண்டும், அந்த ஐந்தில் முதலிரண்டில் ஒன்றாவது அடங்கவேண்டும், அன்றாட வாழ்க்கை அதனால் குழம்பவேண்டும். அப்போதுதான் மருத்துவர் மனச்சோர்வு என்று எழுதுவார்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பதில் ஐந்தையோ அதற்கு மேலோ தெரிவு செய்ய 256 வழிகள் இருக்கின்றன. முதன்மையான இரண்டில் ஒன்றுமே இல்லாத 29 வழிகளைக் கழித்தால் மிஞ்சுவது 227. அதாவது ஒரே வருத்தத்துக்கு 227 சேர்க்கைகள். இன்னொன்றும் உண்டு. ஒருவருக்கு ஐந்து, மற்றவருக்கு ஐந்து, மொத்தம் பத்து. பட்டியலில் இருப்பதோ ஒன்பது. ஆகவே மனச்சோர்வு உள்ள இரண்டு பேருக்குப் பொதுவாக ஒரே ஒரு அறிகுறி மட்டும் இருப்பதும் நடக்கக்கூடியதே. அதிலும் நித்திரை என்ற ஒரே வரிக்குள் நித்திரை வராதவரும் அடங்குவார், பகல் முழுக்கப் படுப்பவரும் அடங்குவார். பசியும் அப்படித்தான், குறையலாம், கூடலாம்.

இது தாளில் போடும் கணக்கு, உண்மையில் ஆட்கள் இப்படியா இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அமெரிக்காவில் சிகிச்சைக்கு வந்த 3,703 பேரின் அறிகுறிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 1,030 வெவ்வேறு கோலங்கள் கிடைத்தன. அதில் மிக அதிகமாகக் காணப்பட்ட கோலம்கூட நூற்றுக்கு இரண்டு பேருக்கு வரவில்லை, 1.8 வீதம்தான். 'மனச்சோர்வு வந்தவர் இப்படித்தான் இருப்பார்' என்று நாங்கள் மனதில் வைத்திருக்கும் அந்த ஒற்றைப் படம், தலையில் கைவைத்துக் கண்ணீர் விடும் படம், பெரும்பாலான ஆட்களுக்குப் பொருந்தாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லமுடியாது.

என்றாலும் ஒவ்வொருவரும் தனித்தனித் தீவு என்று விட்டுவிடவும் தேவையில்லை. சில அறிகுறிகள் கூட்டாக வரும். விடியப்புறத்தில் முழிப்பு, காலையில் மனம் மிக மோசம், பசியின்மை, எடை குறைவு, நல்ல செய்தி வந்தாலும் முகம் மலராமை: இது ஒரு கூட்டு. ஒழுங்கையின் அந்தப் பக்கத்து அம்மாவுக்கு இருப்பது இதுதான். நித்திரை கூடுவது, சாப்பாடு கூடுவது, கை கால் கனப்பது, ஒரு சொல் கடுமையாகப் பட்டாலும் மனம் நொறுங்குவது, ஆனால் சந்தோசமான ஒன்று நடந்தால் சற்று நேரத்துக்கு மனம் எழும்புவது: இது இன்னொரு கூட்டு. "சிரிக்கிறாள்தானே, அவளுக்கு என்ன வருத்தம்" என்று ஊர் கேட்பது இந்தக் கூட்டைத் தெரியாததால். எல்லாரும் இந்த இரண்டில் ஒன்றுக்குள் அடங்குவதில்லை; கலந்து வருபவர்கள்தான் அதிகம்.

சூழல் ஒரு கோலத்தை எப்படி உண்டாக்கலாம் என்பதற்கு நல்ல உதாரணம் எங்கள் சொந்தக்காரர் பலர் இருக்கும் நோர்வேயில் இருக்கிறது. ஒஸ்லோவில் மார்கழியில் பகல் ஆறு மணித்தியாலம் அளவில்தான். ஆனியில் அது பத்தொன்பதை எட்டும். அங்கே குளிர்காலம் தொடங்கச் சிலருக்கு நித்திரை கூடும், மாச்சாப்பாட்டில் ஆசை கூடும், எடை ஏறும், மனம் இருளும். வசந்தம் வர எல்லாம் விலகும். 1984இல் இதற்குப் பருவகால மனச்சோர்வு என்று பெயர் வைத்தார்கள். வன்னியில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான். ஆகவே வெளிச்சத்தால் வரும் இந்தக் கோலத்தை இங்கே எதிர்பார்க்கத் தேவையில்லை. ஒஸ்லோவில் இருக்கும் தங்கை மார்கழியில் போன் எடுத்து "அக்கா, எழும்பவே ஏலாமல் கிடக்கு" என்றால் அதை அவளுடைய பஞ்சி என்று நினைக்கவும் வேண்டாம்.

எங்கள் பக்கத்துச் சொற்கள்

வன்னியில் ஒருவரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நானும் இத்தனை வருடத்தில் ஓரிருவரிடம்தான் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். "ஒரே யோசனை" என்பார்கள். "நெஞ்சு படபடக்குது", "பெருமூச்சு வருகுது", "உடம்பெல்லாம் எரியுது", "ஒண்டுக்கும் மனமில்லை", "நாரி ஏலாது". இந்தச் சொற்களை நான் பொக்கிசமாக நினைக்கிறேன். அவற்றுக்குள் வருத்தத்தின் கோலம் அப்படியே இருக்கிறது, கேட்கத் தெரியவேண்டும். "யோசனை" என்பவருக்கு எண்ணம் ஒரே இடத்தில் சுற்றுகிறது. "ஒண்டுக்கும் மனமில்லை" என்பது முதன்மையான இரண்டாவது அறிகுறி, அச்சொட்டாக. "ஏலாது" என்பது அலுப்பு.

உடம்பு நோவைச் சொல்வது எங்கள் ஆட்களின் படிப்பறிவுக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு. 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு 14 நாடுகளில் சாதாரண மருத்துவரிடம் வந்த, மனச்சோர்வு உள்ள 1,146 பேரைப் பார்த்தது. 69 வீதமானோர் வந்த காரணமாக உடம்பு வருத்தத்தை மட்டுமே சொல்லியிருந்தார்கள். பணக்கார நாடுகளும் அந்த 14க்குள் உண்டு. ஆனால் அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த எண். மனதைப் பற்றி நேரடியாகக் கேட்டபோதும் 'அப்படி ஒன்றும் இல்லை' என்றவர்கள் 11 வீதம் மட்டும்தான். மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"யோசனை" என்ற சொல்லுக்குத் தூரத்தில் ஓர் உறவு இருக்கிறது. சிம்பாப்வேயில் ஷோனா மொழி பேசுபவர்கள் 'குஃபுங்கிசிசா' என்று ஒரு வருத்தத்தைச் சொல்வார்கள். பொருள்: அளவுக்கு மீறி யோசிப்பது. டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் அங்கே ஹராரே நகரத்துப் பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவ நிலையத்துக்கு வெளியே மரவாங்கில் இருந்து ஆட்களோடு கதைக்க வைத்தார். 'மனச்சோர்வு' என்று தொடங்காமல் அந்த ஊர்ச் சொல்லிலிருந்தே கதையைத் தொடங்கினார்கள். 2016இல் வெளிவந்த பரிசோதனை முடிவில், அந்த வாங்கில் கதைத்தவர்கள் ஆறு மாதத்துக்குப் பிறகு மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். எங்கள் முருகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நிற்கும்போது கச்சான் விற்கும் ஆச்சிமாரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த வாங்கு நினைவுக்கு வரும்.

என்ன நடந்தது என்பதும் எப்படி வருகிறது என்பதும்

இப்போது மையமான கேள்வி. ஒருவருக்கு நடந்த விசயத்துக்கும் அவருடைய மனச்சோர்வின் கோலத்துக்கும் தொடர்பு உண்டா?

2007இல் கெல்லர், நீல், கெண்ட்லர் என்ற மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 4,856 பேர். முந்திய வருடத்தில் மனம் சோர்ந்த காலம் ஒன்று இருந்தவர்கள். சிலரைப் பன்னிரண்டு வருடம் வரை மீண்டும் மீண்டும் கேட்டார்கள்: அறிகுறி என்ன, அதற்குக் காரணம் என்று நீங்கள் நினைப்பது என்ன? கிடைத்த விடை கவனிக்க வேண்டியது. அன்பான ஒருவரின் சாவு, காதல் முறிவு ஆகியவற்றுக்குப் பின் வந்தவற்றில் துக்கம், எதிலும் விருப்பமின்மை, பசியின்மை தூக்கலாக இருந்தன. காதல் முறிவில் குற்ற உணர்வும் சேர்ந்தது. நீண்டகால நெருக்கடியிலும், ஓரளவு தோல்விகளிலும், அலுப்பும் கூடுதல் நித்திரையும் தூக்கலாக இருந்தன, துக்கம் அவ்வளவாக இல்லை. காரணம் ஒன்றும் தெரியவில்லை என்றவர்களிடம் அலுப்பு, பசி கூடுதல், தன்னைத் தானே வருத்தும் எண்ணம் ஆகியவை காணப்பட்டன.

ஒழுங்கையின் இரண்டு வளவுகளையும் இப்போது திரும்பப் பாருங்கள். மகனை இழந்தவருக்குத் துக்கமும் பசியின்மையும். முடிவில்லாத கடனுக்குள் இருப்பவருக்கு அலுப்பும் நித்திரையும். முதன்முதலில் அந்த ஆய்வின் விபரத்தை வாசித்தபோது நான் இவர்களைத்தான் நினைத்தேன்.

ஏன் இப்படி இருக்கலாம் என்பதற்கு ஆய்வாளர்கள் ஒரு கருதுகோள் சொல்கிறார்கள். அழுகை ஆட்களைக் கிட்ட அழைக்கிறது. இழப்பு வந்த நேரம் ஆள்துணை தேவை. அலுப்பு ஆளை நிறுத்தி வைக்கிறது. எவ்வளவு ஓடியும் பலன் தராத ஓட்டத்தில் மிச்சமிருக்கும் பலத்தைச் சேமிக்க உடம்பு முயல்கிறது. இது நிரூபணமான உண்மை இல்லை, ஒரு விளக்க முயற்சி. ஆனால் நீர் இல்லாத வருடத்தில் விதைக்காமல் நெல்லைப் பத்திரப்படுத்தும் கமக்காரனை இரணைமடுக் குளத்தின் கீழ் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் பிரேக் போடவேண்டும். அந்த ஆய்வு தொடர்பைக் காட்டுகிறது. இந்தக் காரணம் இந்த அறிகுறியை உண்டாக்கியது என்று ஒரு தனி ஆளுக்குச் சொல்லும் அளவுக்கு அது போகாது. காரணத்தைச் சொன்னவரும் வருத்தப்பட்டவரே. மனம் சோர்ந்திருப்பவர் பழையவற்றை இருட்டாகவே நினைவுகொள்வார். ஓட்டம் எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். எழும்ப ஏலாதவர் கூலி வேலைக்குப் போகவில்லை, ஆகவே கட்டுக்காசு தவறுகிறது, ஆகவே கடன் கூடுகிறது, ஆகவே சண்டை. எது முதல் வந்தது என்று அவிழ்க்க ஏலாத முடிச்சு அது. இன்னொரு விசயம்: முதல் தடவை மனச்சோர்வு வரும்போது பெரிய சம்பவம் ஒன்று முன்னால் இருப்பது அதிகம். பல தடவை வந்துபோனவருக்கு அடுத்த தடவை சின்ன விசயத்தாலோ, ஒன்றுமே நடக்காமலோ வரலாம். "இப்ப உனக்கு என்ன குறை?" என்று கேட்பதில் பயனில்லை என்பது அதனால்தான். பிறப்பும் ஒரு பங்கு வகிக்கிறது. இரட்டையர் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஆளுக்கு ஆள் மனச்சோர்வுக்கான வாய்ப்பில் இருக்கும் வித்தியாசத்தில் ஏறத்தாழ 37 வீதம் பரம்பரையால் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மிச்சம் வாழ்க்கையில் இருந்து வருகிறது.

அந்த வாழ்க்கை வன்னியில் எப்படி இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். 2009 மே வரை ஓடிய ஓட்டம், அதன்பின் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் செட்டிகுளம் மெனிக்பாம் போன்ற முகாம்களில் தறப்பாளின் கீழ் இருந்த காலம்; மெனிக்பாம் மூடப்பட்டது 2012 புரட்டாதியில். போர் முடிந்த அந்த 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்திய ஓர் ஆய்வில் 22 வீதமானோருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. இடம்பெயராதவர்களைவிட இடம்பெயர்ந்து இருந்தவர்களிடம் அது கூடுதல். வினாக்கொத்தால் அளந்தது அது. மருத்துவர் ஒவ்வொருவராகப் பார்த்துச் சொன்ன எண் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. போர் நடந்த நாடுகளை எல்லாம் சேர்த்து உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன மதிப்பீடு, எந்த நேரத்தில் பார்த்தாலும் ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கும் என்பது.

ஆனால் எண்களுக்குள் அடங்காத ஒரு வகை இழப்பு இங்கே இருக்கிறது. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 மாசி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கிய போராட்டத்தை நினையுங்கள். செத்தவருக்கு எட்டுச் செலவு உண்டு, அந்தியேட்டி உண்டு, வருடத்துக்கு வருடம் திவசம் உண்டு. துக்கத்துக்கு எங்கள் ஆட்கள் கட்டிய படிகள் அவை. ஒவ்வொன்றாக இறங்கி வரலாம். காணாமல் போனவருக்கு ஒரு படியும் இல்லை. திவசம் செய்தால் கொன்றதாகிவிடும், செய்யாவிட்டால் முடியாது. பொட்டு வைப்பதா விடுவதா என்பதே ஒவ்வொரு காலையும் ஒரு கேள்வி. வியட்நாம் போரில் காணாமல் போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த போலின் பொஸ், இதைத் தெளிவற்ற இழப்பு என்று அழைத்தார். இழப்பும் இது, முடிவில்லாத நெருக்கடியும் இது. எங்கள் ஒழுங்கை அம்மாவின் மகனும் இப்படித்தான். அதனால் கோலமும் கலந்து வரும்: இன்றைக்கு அழுகை, நாளைக்கு ஏலாமை, மே மாதம் வந்தால் காரணம் தெரியாமலே உடம்பு கனப்பது. முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சும் நாட்களில் கிளினிக்குக்கு நெஞ்சு நோவோடு வருபவரிடம் திகதியையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்று நான் நினைப்பது அதனால்தான். நெஞ்சு நோவை முதலில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கவும் வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

மெல்ல அரிக்கும் நெருக்கடியைப் பற்றி ஒருவரும் கஞ்சி காய்ச்சுவதில்லை. கிழமைக் கட்டுக்காசு, தண்ணீர் இல்லாத சிறுபோகம், 2018 மார்கழியில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூடிய வெள்ளம்போல் ஒரே இரவில் காலபோகத்தைக் கொண்டுபோகும் மழை. இவற்றால் வரும் சோர்வுக்குக் கண்ணீர் குறைவு, ஆகவே ஆறுதல் சொல்ல ஆள் வருவதும் குறைவு.

இங்கே இன்னொரு பழைய ஆய்வு பெரிதும் உதவுகிறது. ஜோர்ஜ் பிரவுண், டிரில் ஹாரிஸ் இருவரும் லண்டன் கம்பர்வெல் பகுதிப் பெண்களைப் பற்றிச் செய்த ஆய்வு 1978இல் வெளிவந்தது. கடுமையான சம்பவம் ஒன்றை எதிர்கொண்ட எல்லாப் பெண்களும் சோர்ந்து போகவில்லை. யார் போனார்கள் என்று பார்த்தால், மனம் விட்டுக் கதைக்க ஒருவரும் இல்லாதவர்கள், வீட்டில் 14 வயதுக்குக் கீழே மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தவர்கள், வெளியே வேலை இல்லாதவர்கள், சிறுவயதில் தாயை இழந்தவர்கள். தாயை இழந்ததைத் தவிர, லண்டனில் எழுதிய பட்டியலில் எங்கள் ஒழுங்கைப் பெண் அப்படியே இருக்கிறார். பழைய ஊரில் அவருக்குக் கிணற்றடி இருந்தது, கிணற்றடியில் நாலு பெண்கள் இருந்தார்கள். இடம்பெயர்வில் அந்த நாலு பேரும் நாலு திக்கில். வீட்டுத்திட்டத்தில் ஆளுக்கொரு குழாய்க்கிணறு கிடைத்தது, மோட்டர் போட்டால் தண்ணீர் வரும். கதைக்க ஆள் இல்லை.

ஆண்களைப் பற்றியும் ஒரு வரி. பல ஆண்களிடம் இது எரிச்சலாகவும் கசிப்பாகவும் வெளியே வருகிறது. குடியைக் கண்டிப்போம், சரி. குடிக்கு முன்னால் எத்தனை மாதம் நித்திரை இல்லாமல் இருந்தார் என்பதையும் கேட்போம். பிள்ளைகளிலும் இளவட்டங்களிலும் சோகத்துக்குப் பதிலாக எரிச்சலே முதன்மை அறிகுறியாக இருக்கலாம் என்று அந்தக் கைநூலே ஏற்றுக்கொள்கிறது.

எங்கே போவது, என்ன கேட்பது

அலுப்பும் கூடுதல் நித்திரையும் இருந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை. தைரொயிட் குறைவு, இரத்தச்சோகை, நீரிழிவு மூன்றும் மனச்சோர்வைப்போல் வேடம் போடும். சில மருந்துகளாலும் வரும். பார்வை பார்ப்பது, நூல் கட்டுவது, அம்மாளாச்சிக்கு நேர்த்தி வைப்பது எதையும் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அவற்றால் ஆறுதல் அடைந்தவர்களைக் கண்டிருக்கிறேன். கூடவே கிளினிக்குக்கும் போங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. அவ்வளவு தூரம் போகத் தயக்கம் என்றால் ஊருக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லலாம்.

மருந்து கொடுத்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை செல்லும். மூன்றாம் நாள் "ஒண்டும் மாறேல்லை" என்று விட்டவர்கள் நிறையப் பேர். சுகமானதும் டொக்டரைக் கேளாமல் திடீரென்று நிறுத்துவதும் கூடாது. அலுப்புக் கோலம் உள்ளவருக்குச் சின்னச் சின்னச் செயலில் தொடங்கும் சிகிச்சை நன்றாக உதவும். மனம் வந்தபிறகு எழும்புவோம் என்று காத்திராமல், ஒரு நாளைக்கு ஒரு வேலை, நேரம் குறித்து: ஏழரைக்கு முற்றம் கூட்டுவது, அவ்வளவுதான். அடுத்த கிழமை அதோடு இன்னொன்று. கடன்தான் காரணம் என்றால் மருந்தோடு கடனுக்கும் வழி பார்க்கவேண்டும். குளிசை கட்டுக்காசைக் கட்டாது.

சாகும் எண்ணம் பற்றிக் கேட்கப் பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. "சில நேரம் இருந்து என்ன என்று தோன்றுகிறதா அம்மா?" என்று மெல்லக் கேட்டால் பலர் பெருமூச்சு விட்டுச் சொல்வார்கள். ஆம் என்றால் அன்றைக்கு அவரைத் தனியே விடவேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். கமத்துக்கு வைத்திருக்கும் மருந்துப் போத்தலை வீட்டில் வைக்காமல், பூட்டி, வேறொருவர் பொறுப்பில் விடுங்கள். சூழலை மாற்றினால் உயிர் மிஞ்சும் என்பதற்கு எங்கள் நாடே சாட்சி. 1990களின் நடுப்பகுதியில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகின் மிக உயர்ந்தவற்றில் ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த அடுத்த இருபது வருடங்களில் அது ஏறத்தாழ 70 வீதம் குறைந்தது. ஆட்களின் கவலை அந்த அளவுக்குக் குறையவில்லை. எட்டும் தூரத்தில் இருந்த போத்தல் குறைந்தது.

அந்த முப்பத்தைந்து வயதுப் பெண்ணோடு நான் முதலில் கதைத்தது நாரி நோவைப் பற்றித்தான். எப்போது தொடங்கியது, எந்த நேரம் கூடும் என்று கேட்டுக்கொண்டே போனேன். பிறகு, "நோ இல்லாத நாளில் எழும்ப மனம் வருமா?" என்றேன். கன நேரம் பேசாமல் இருந்தார். "நோ இல்லாத நாளிலயும் ஏலாது அக்கா. அதை ஆரிட்டையும் சொல்லேல்லை. சொன்னால் பஞ்சி எண்டுதானே சொல்லுவினம்" என்றார்.

இரத்தம் சோதித்தார்கள், சோகை கொஞ்சம் இருந்தது, அதற்கும் குளிசை கொடுத்தார்கள். மனநலக் கிளினிக்கில் டொக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கொப்பியில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதினார். இவர் கொப்பியை வாங்கிப் பார்த்தார், திருப்பி மேசையில் வைத்தார்.

"டொக்டர், அதைத் தமிழிலயும் ஒருக்கா எழுதித் தாங்கோ. அம்மாட்டைக் காட்டவேணும்."